ஒரே வெடியில் இரண்டு கம்பெனி 'கேப்' சேரலாமா? சுரங்கமும் துப்பாக்கியும் சொல்லும் ஒரே பாடம்

கம்மாபுரம் பக்கத்து ஊர்களுக்கு நெய்வேலி சுரங்கத்தின் வெடிச் சத்தம் புதிது இல்லை. முதலில் சைரன் கேட்கும். கொஞ்ச நேரத்தில் காலுக்கடியில் ஓர் அதிர்வு. அவ்வளவுதான், வயலில் இருப்பவர் களையெடுப்பைத் தொடர்வார், கடையில் இருப்பவர் டீயை ஆற்றுவார்.

ஆனால் வெடி வைத்தவர்களுக்கு வேலை அப்போதுதான் பாதி முடிந்திருக்கும். "வெச்ச குழி எல்லாம் வெடிச்சுதா?" என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. ஐம்பது குழியில் நாற்பத்தொன்பது வெடித்து ஒன்று மட்டும் வெடிக்காமல் நின்றுவிட்டால், அந்த இடம் மறுபடியும் வேலைக்கு ஏற்ற இடம் இல்லை. மண்ணுக்குள் மருந்து அப்படியே இருக்கிறது. எந்த இயந்திரத்தின் பல் அதன் மேல் படும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு குழி வெடிக்காமல் போகப் பல காரணங்கள் உண்டு. வயர் அறுந்திருக்கலாம், தண்ணீர் புகுந்திருக்கலாம், இணைப்பு விட்டுப்போயிருக்கலாம். இவற்றோடு கண்ணுக்கே தெரியாத இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒரே வெடிச் சுற்றில் இரண்டு வேறு கம்பெனிகளின் டெட்டனேட்டர்களைக் கலந்து போடுவது. இரண்டும் தனித்தனியே நல்ல தயாரிப்பாகவே இருக்கலாம். சேர்த்துப் போட்டதுதான் தவறு.

வேடிக்கை என்னவென்றால், உலகின் மறுபக்கத்தில் துப்பாக்கித் தோட்டாக்களைத் தாங்களே மறுபடி நிரப்பிக்கொள்ளும் விளையாட்டு வீரர்களும் இதே சிக்கலைத்தான் சந்திக்கிறார்கள். அவர்கள் கேட்பது, "இந்த பிராண்ட் பிரைமர் கிடைக்கவில்லை, வேறு பிராண்ட் போடலாமா?" என்று. இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றுதான். அது ஏன் என்று பார்ப்போம்.

பிரைமர் என்றால் என்ன?

'பிரைமர்' என்ற சொல் இரண்டு தொழில்களில் புழங்குகிறது. துப்பாக்கித் தோட்டாவின் பின்பக்க நடுவில் ஒரு சின்ன உலோகப் பொட்டு இருக்கும். அதுதான் தோட்டாவின் பிரைமர். துப்பாக்கியின் ஊசி அதன் மேல் தட்டியதும் உள்ளே இருக்கும் ரசாயனம் தீப்பொறியாகிப் பெரிய மருந்தைப் பற்ற வைக்கும்.

சுரங்கத்திலும் கல்குவாரியிலும் பிரைமர் என்றால், டெட்டனேட்டர் செருகப்பட்ட வெடித் தோட்டா. குழியில் கொட்டியிருக்கும் மருந்து முழுவதையும் கிளப்பிவிடுவது அதுதான். டெட்டனேட்டரைத் தொழிலாளர்கள் சுருக்கமாக 'கேப்' என்றும் சொல்வார்கள்.

விறகடுப்பை நினைத்துக்கொண்டால் புரியும். கட்டை விறகில் நேராகத் தீக்குச்சியைக் காட்டினால் பற்றாது. முதலில் தீக்குச்சி, பிறகு சுள்ளி, அதன் பிறகுதான் விறகு. வெடி வேலையிலும் இதே படிக்கட்டு உண்டு. இன்று சுரங்கங்களில் பயன்படும் வெடிமருந்துகள் சாதாரண அடிக்கோ, சிறு நெருப்புக்கோ அசையாத அளவுக்கு மந்தமானவை. கையாளுகிறவருக்கு அதுதான் பாதுகாப்பு. அந்த மந்தமான மருந்தை எழுப்ப, சின்ன அளவில் மிகக் கூருணர்வுள்ள ஒரு பொருள் தேவைப்படுகிறது. அது டெட்டனேட்டருக்குள் இருக்கிறது.

ஆல்ஃப்ரட் நோபல் 1867-ல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றது எல்லாருக்கும் தெரியும். ஆனால் வெடித்துறையில் இருப்பவர்கள் அவருடைய பெரிய கண்டுபிடிப்பு என்று சொல்வது அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அவர் உருவாக்கிய டெட்டனேட்டரைத்தான். வெடியை நினைத்த நேரத்தில் மட்டும் வெடிக்கச் செய்யும் சாவி அதில் இருந்தது.

ஒரே சுற்றில் ஒரே கம்பெனி என்று ஏன் சொல்கிறார்கள்?

மின்சார டெட்டனேட்டர் பார்க்க ஒரு பேனா ரீஃபிலைவிடக் கொஞ்சம் தடித்த உலோகக் குழாய். அதிலிருந்து இரண்டு வயர் வெளியே வரும். உள்ளே, தலைமுடி போன்ற மெல்லிய கம்பி ஒன்று, பற்றக்கூடிய ரசாயனக் குமிழுக்குள் புதைந்திருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் கம்பி சிவக்கும், குமிழ் பற்றும், டெட்டனேட்டர் வெடிக்கும்.

பல குழிகளை ஒன்றாக வெடிக்கும்போது இந்த டெட்டனேட்டர்களை வரிசையாக, ஒன்றன் வாலில் இன்னொன்றாக இணைப்பது வழக்கம். கோயில் திருவிழாவில் கட்டும் பழைய சீரியல் செட் விளக்கு மாதிரி. அதில் ஒரு பல்பு போனால் அந்த வரிசை முழுக்க இருண்டுவிடும் இல்லையா? அதே கதைதான் இங்கும்.

வரிசையில் இருக்கும் எல்லா டெட்டனேட்டருக்கும் ஒரே மின்னோட்டம்தான் போகிறது. ஆனால் எல்லாமே ஒரே வேகத்தில் சூடாவதில்லை. கம்பியின் தடிமன், அதன் மின்தடை, குமிழில் உள்ள கலவை ஆகியவற்றைப் பொறுத்து ஒன்று சில மில்லி விநாடி முந்தும், இன்னொன்று பிந்தும். ஒரு மில்லி விநாடி என்பது ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஒரே கம்பெனியின் ஒரே வகையில் இந்த வித்தியாசம் மிகக் குறைவு. முதல் டெட்டனேட்டர் பற்றிக் கம்பி அறுவதற்குள் மற்ற எல்லாமே பற்றுவதற்குத் தேவையான சூட்டை வாங்கிவிடும். அப்படி இருக்கும்படிதான் அவை தயாராகின்றன, சோதிக்கப்படுகின்றன.

வேறு கம்பெனியின் டெட்டனேட்டர் நடுவில் நுழைந்தால் கணக்கு மாறும். அது மற்றவற்றைவிடச் சீக்கிரம் பற்றும் வகையாக இருந்தால், முதலில் அது வெடித்து வரிசையைத் துண்டித்துவிடும். பாதிச் சூட்டில் இருந்த மற்றவை அப்படியே நின்றுபோகும். மந்தமான வகையாக இருந்தால், மற்றவை எல்லாம் வெடித்த பிறகு அது மட்டும் மண்ணுக்குள் தங்கிவிடும். இரண்டு வகையிலும் மிச்சம் இருப்பது வெடிக்காத குழி.

அமெரிக்காவின் சுரங்கப் பாதுகாப்பு விதிகள் இதை ஒரே வரியில் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஒரு சுற்றில் வெடிக்கப்படும் மின் டெட்டனேட்டர்கள் எல்லாம் ஒரே தயாரிப்பாளருடையதாகவும், ஒரே மாதிரியான மின் குணம் உடையவையாகவும் இருக்க வேண்டும் என்பதே அது. வெடி வேலைக்கான பாடப்புத்தகங்களும் பயிற்சிகளும் இதே விதியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லித் தருகின்றன.

பெட்டியில் ஒரே எண் போட்டிருந்தால் போதாதா?

இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். பெரிய வெடிப்பில் எல்லாக் குழிகளும் ஒரே நொடியில் வெடிப்பதில்லை. முன்வரிசைக் குழி முதலில் வெடித்துப் பாறையைத் தள்ளி இடம் உண்டாக்க வேண்டும். அந்த இடத்துக்குள் அடுத்த வரிசை சரிய வேண்டும். இதற்காக டெட்டனேட்டருக்குள்ளேயே ஒரு தாமதம் வைத்திருப்பார்கள். அந்தத் தாமதத்தைக் குறிக்க 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும்.

ஆனால் எண் ஒன்றாக இருந்தாலும் நேரம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இல்லை. படிக்கு 25 மில்லி விநாடி கூடிக்கொண்டே போகும் வரிசையில் 4-ஆம் எண் வெடிக்க 100 மில்லி விநாடி ஆகும். படிக்கு அரை விநாடி கூடும் வரிசையில் அதே 4-ஆம் எண்ணுக்கு 2 விநாடி. கம்பெனிக்குக் கம்பெனி இந்த எண்களின் கணக்கு மாறலாம். வயரின் நிறமும் மாறலாம்.

வேலை நடக்கும் இடத்தில் இப்படி ஒரு பேச்சு எழுவதை எண்ணிப் பாருங்கள்.

"அண்ணே, புதுப் பெட்டியில ஆறு குறையுது. பழைய பெட்டியில அதே நாலாம் நம்பர் மிச்சம் இருக்கு, அதைச் சேர்த்துக்கவா?"

"அதே நம்பர்தானே, போடு."

இந்த இரண்டு வரியில் யாரும் சோம்பேறி இல்லை, யாரும் கெட்டவர் இல்லை. பொருள் வீணாகக் கூடாது, வேலை நிற்கக் கூடாது என்ற நியாயமான எண்ணம்தான். ஆபத்து பெரும்பாலும் இந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது.

இதில் ஊர்க்காரர்களுக்கு என்ன?

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியின் மேல் பல பத்து மீட்டர் ஆழத்துக்கு மண்ணும் கடினமான மணற்பாறையும் மூடிக் கிடக்கின்றன. சுரங்கப் பணி 1957-ல் தொடங்கியது. நிலக்கரி கண்ணில் பட்டது 1961-ல்தான். அந்த மேல்மூடி அவ்வளவு கெட்டி. பெரிய சக்கரங்களில் வாளிகள் பொருத்திய ராட்சத இயந்திரங்கள்கூட, வெடி வைத்துப் பாறையை நெகிழ்த்திக் கொடுத்தால்தான் பல் தேயாமல் தோண்டும். ஆகவே வெடி அங்கே தவிர்க்க முடியாத வேலை.

அந்த வெடியின் அதிர்வு மண் வழியாக வீடுகளுக்கு வரும். எவ்வளவு வரும் என்பதைத் தீர்மானிப்பது மொத்தம் எத்தனை கிலோ மருந்து வைத்தார்கள் என்பது மட்டும் இல்லை. ஒரே கணத்தில் எத்தனை கிலோ வெடித்தது என்பதுதான் முக்கியம். 1,000 கிலோவை இருபது துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இடையே சில மில்லி விநாடி இடைவெளி விட்டால், வீட்டுக்கு வரும் அடி 50 கிலோ வெடிக்குரியதை ஒட்டி நிற்கும். குறைந்தது 8 மில்லி விநாடி இடைவெளி இருந்தால் தனித்தனி வெடியாகக் கணக்கிடலாம் என்பது வெடித்துறையில் பல காலமாகப் புழங்கும் ஒரு பொது அளவுகோல்.

கண் ஒரு முறை இமைக்கவே 100 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். அந்த இமைப்புக்குள் பத்துக்கு மேற்பட்ட இடைவெளிகளைச் சரியாக வைக்க வேண்டிய வேலை இது. வேறு கணக்கில் ஓடும் டெட்டனேட்டர் ஒன்று நடுவில் புகுந்தால், தனித்தனியாக வெடிக்க வேண்டிய இரண்டு குழிகள் சேர்ந்து வெடிக்கலாம். அதிர்வு கூடும். வரிசை தவறினால், தள்ளிவிட இடம் இல்லாத பாறை மேல்நோக்கிச் சிதறும். கல் பறந்து விழுவது இப்படியும் நடக்கும்.

இந்த அதிர்வுக்கு நம் நாட்டில் வரம்பு இருக்கிறது. தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் 1997-ல் வெளியிட்ட சுற்றறிக்கை அதைச் சொல்கிறது. சுரங்க உரிமையாளருக்குச் சொந்தம் இல்லாத வீடுகளில், அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் குறைவாக இருந்தால் தரையின் அசைவு விநாடிக்கு 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. 8 முதல் 25 ஹெர்ட்ஸ் வரை 10 மில்லிமீட்டர். அதற்கு மேல் 15 மில்லிமீட்டர். வெடிச் சத்தம் எவ்வளவு பெரிதாகக் கேட்டது என்பது இந்த அளவைச் சொல்லாது. அதற்குத் தனிக் கருவி வைத்து அளக்க வேண்டும். சுவரில் விரிசல் என்று புகார் தருகிறவர்கள் கேட்க வேண்டிய முதல் ஆவணம் அந்த அளவீட்டுப் பதிவுதான்.

வெடிக்காத குழி ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறது?

வெடித்த குழி தன் வேலையை முடித்துவிட்டது. வெடிக்காத குழி காத்திருக்கிறது. அடுத்த ஷிஃப்டில் வருகிறவருக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. துளையிடும் இயந்திரத்தின் முனை அதில் இறங்கலாம். பொக்லைன் வாளி அதைக் கிளறலாம். கல்லோடு சேர்ந்து லாரியில் ஏறி, கல் உடைக்கும் இயந்திரம் வரை போய்விடவும் கூடும்.

அதனால்தான் வெடி முடிந்ததும் யாரும் உடனே உள்ளே ஓடக் கூடாது. குறிப்பிட்ட நேரம் காத்திருந்து, பொறுப்பாளர் மட்டும் போய் ஒவ்வொரு குழியாகப் பார்த்து, "எல்லாம் சரி" என்று சொன்ன பிறகே மற்றவர்கள் போக வேண்டும். வெடிக்காத குழியைத் தோண்டி மருந்தை வெளியே எடுக்கப் பார்ப்பது தற்கொலைக்குச் சமம். அதற்குக் கொஞ்சம் தள்ளி இணையாக வேறு குழி போட்டு, அனுபவம் உள்ளவரின் மேற்பார்வையில் வெடித்துத்தான் தீர்க்க வேண்டும். பழைய குழியின் மிச்ச அடிப்பகுதியில் மறுபடி துளை போடவே கூடாது என்பது சுரங்கத் தொழிலின் அரிச்சுவடி.

துப்பாக்கித் தோட்டாவில் பிரைமர் மாறினால்?

இப்போது சுரங்கத்தை விட்டுத் துப்பாக்கிக்கு வருவோம். அமெரிக்கா போன்ற நாடுகளில், சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வைத்து, அதில் புது பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்து மறுபடி பயன்படுத்தும் பழக்கம் உண்டு. 'ரீலோடிங்' என்று பெயர். செலவு மிச்சம், குறியும் துல்லியமாக அமையும் என்பதால் போட்டி வீரர்கள் விரும்பிச் செய்கிறார்கள்.

அங்கேயும் இதே கேள்விதான். 2020-ல் கொரோனா காலத்தில் அமெரிக்காவில் தோட்டாவுக்கும் பிரைமருக்கும் பெரிய தட்டுப்பாடு வந்தது. அதே ஆண்டு ஜூலையில் பழம்பெரும் ரெமிங்டன் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. கடைகளில் வழக்கமான பிராண்ட் கிடைக்காதபோது, கிடைத்ததை வாங்கிப் போட்டுவிடலாமா என்று பலரும் யோசித்தார்கள்.

அளவைப் பார்த்தால் போடலாம் என்றுதான் தோன்றும். ஒரே வகை பிரைமர் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் அதே பள்ளத்தில் சரியாகப் பொருந்தும். ஆனால் உள்ளே இருக்கும் ரசாயனத்தின் அளவு வேறு, கலவை வேறு, அது கக்கும் சுடரின் சூடும் நீளமும் வேறு. மேல் தகட்டின் கனமும் வேறு. சுடர் பலமாக இருந்தால் மருந்து வேகமாகப் பற்றும், குழாய்க்குள் அழுத்தம் கூடும்.

12 போர் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் உரிமம் பெற்ற விவசாயிகள் வைத்திருப்பதும் பெரும்பாலும் இந்த வகைதான். அமெரிக்கத் தர அமைப்பு, வழக்கமான 12 போர் தோட்டாவுக்கு வைத்திருக்கும் உச்ச அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. மற்ற எதையும் மாற்றாமல் பிரைமரை மட்டும் மாற்றினாலே அழுத்தம் ஆயிரக்கணக்கான பவுண்டு ஏறவோ இறங்கவோ செய்யலாம். ஏற்கெனவே உச்சத்தை ஒட்டி நிரப்பப்பட்ட தோட்டா என்றால், அந்த ஏற்றத்தைத் தாங்க வேண்டியது குழாயும், குழாயைப் பிடித்திருக்கும் கையும், கன்னத்தை ஒட்டி வைத்திருக்கும் முகமும்.

தகடு மெல்லியதாக இருந்தால் வேறு ஆபத்து. சில துப்பாக்கிகளில் ஊசி ஸ்பிரிங் இல்லாமல் தளர்வாக ஆடும். தோட்டா உள்ளே போகும் வேகத்திலேயே ஊசி லேசாகத் தட்டி, விசையை அழுத்தாமலே வெடித்துவிடக்கூடும்.

அதனால்தான் ரீலோடிங் கையேடுகள் ஒரு சமையல் குறிப்பைப் போலக் கறாராக எழுதப்பட்டிருக்கின்றன. எந்தக் கூடு, எந்தப் பிரைமர், எந்த மருந்து, எத்தனை அளவு என்று பெயரோடு சொல்லியிருக்கும். அதில் ஒன்று மாறினாலும் அந்தக் குறிப்பு செல்லாது, குறைந்த அளவிலிருந்து மறுபடி சோதித்து வர வேண்டும் என்பதே அவற்றின் எச்சரிக்கை.

பிரைமர் மட்டும் இல்லை, எந்த ஒரு பகுதியை மாற்றினாலும் இப்படித்தான் என்பதற்கு வரலாற்றில் கசப்பான சாட்சி உண்டு. அமெரிக்க ராணுவத்தின் எம்-16 துப்பாக்கி ஒருவகை மருந்துக்காக வடிவமைக்கப்பட்டது. 1964-ல் தோட்டாவின் மருந்தை வேறு வகைக்கு மாற்றினார்கள். துப்பாக்கி சுடும் வேகம் எதிர்பார்த்ததைவிடக் கூடியது, உள்ளே கரி படிந்தது. வியட்நாம் போர்முனையில் துப்பாக்கிகள் சிக்கிக்கொண்டன. 1967-ல் நாடாளுமன்றக் குழு விசாரிக்கும் அளவுக்கு அது போனது. மருந்தும் தரமானது, துப்பாக்கியும் திறமையானது. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சரியாகச் சோதிக்காமல் விட்டதுதான் வினை.

இந்தியாவில் தோட்டாவை நாமே நிரப்பலாமா?

உரிமம் இல்லாமல் கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 'தோட்டா' என்ற சொல்லின் வரையறைக்குள் அதன் பாகங்களும் அதைத் தயாரிக்கும் இயந்திரங்களும் வந்துவிடுகின்றன. துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் இருப்பது தோட்டா தயாரிக்க உரிமம் இருப்பதாக ஆகாது. தயாரிப்புக்கு அந்தச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு தனி உரிமம் கேட்கிறது. அதை மீறினால், 2019-ல் திருத்தப்பட்ட 25-ஆம் பிரிவின்படி குறைந்தபட்சம் 7 ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள் தண்டனை.

பயிரைப் பன்றி அழிக்கிறது என்ற வேதனை உண்மையானது. ஆனால் கிடைத்த மருந்தையும் கிடைத்த கேப்பையும் போட்டு நிரப்பிய தோட்டா, பன்றியைத் தொடுமுன் சுடுகிறவரின் விரலைத் தொட்டுவிடும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், விரல் திரும்ப முளைக்காது.

மின் டெட்டனேட்டருக்குத் தடை வந்துவிட்டதே, பிரச்சினை தீர்ந்ததா?

மீண்டும் சுரங்கத்துக்கு வருவோம். மின்சார டெட்டனேட்டர்களைத் தயாரிப்பதற்கும் வைத்திருப்பதற்கும் இறக்குமதி செய்வதற்கும் மத்திய அரசு விதித்த தடை 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்புக் குறைவும், தவறான கைகளுக்குப் போய்ச் சேரும் அபாயமும்தான் காரணம். இடி மின்னல், அருகில் போகும் மின்கம்பி, கசியும் மின்சாரம் எதுவும் அவற்றைத் தவறான நேரத்தில் கிளப்பிவிடக்கூடும்.

அவற்றின் இடத்தை இரண்டு வகைகள் பிடித்திருக்கின்றன. ஒன்று, மின்சாரமே இல்லாத குழாய் வகை. சுவீடனில் உருவானது. மெல்லிய பிளாஸ்டிக் குழாயின் உள்சுவரில் பூசப்பட்ட வெடிப்பொடி வழியாக அதிர்வலை விநாடிக்கு ஏறத்தாழ 2,000 மீட்டர் வேகத்தில் ஓடி டெட்டனேட்டரைத் தட்டும். மற்றொன்று, மின்னணு டெட்டனேட்டர். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிப் இருக்கும். எத்தனை மில்லி விநாடியில் வெடிக்க வேண்டும் என்று கணினி போலக் கட்டளை கொடுக்கலாம். வெடிக்கும் முன்பே ஒவ்வொன்றும் இணைப்பில் இருக்கிறதா என்று சோதித்தும் பார்க்கலாம்.

இரண்டும் பெரிய முன்னேற்றம். ஆனால் 'கலக்காதே' என்ற பாடம் பழசாகிவிடவில்லை. குழாய் வகையில் ஒரு கம்பெனியின் இணைப்பான் இன்னொரு கம்பெனியின் குழாயைச் சரியாகக் கவ்விப் பிடிக்காமல் போகலாம். தாமத எண்களும் நிறங்களும் அங்கேயும் வேறுபடும். மின்னணு வகையில் ஒரு கம்பெனியின் டெட்டனேட்டர் அதே கம்பெனியின் வெடிப்புக் கருவியோடு மட்டும்தான் பேசும். அதில் கலப்பே முடியாது என்பதும் ஒருவகைப் பாதுகாப்புதான்.

அப்படியானால் மிச்சத்தை என்ன செய்வது?

மொத்தச் சிக்கலும் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறது. வெடிபொருள் விஷயங்களை நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு, 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி கண்காணிக்கிறது. எத்தனை வாங்கினார்கள், எத்தனை பயன்படுத்தினார்கள், எத்தனை மிச்சம் என்பது பதிவேட்டில் இருக்க வேண்டும். மிச்சம் கிடங்குக்குத் திரும்ப வேண்டும். பெரிய சுரங்கங்களில் இதற்குத் தனி ஆட்களும் அடுக்குகளும் உண்டு. கூலிக்கு வெடி வைக்கும் சின்னக் குவாரியிலும் கிணறு வெட்டும் இடத்திலும்தான் 'மிச்சம் மீதி' சட்டைப் பையில் தங்கும். அங்கேதான் இரண்டு பெட்டியும் ஒரே குழிவரிசையில் சந்திக்கும்.

வெடி வேலையில் இருப்பவர்கள் மனதில் வைக்க வேண்டியவை இவைதான்:

- ஒரு சுற்றுக்கு ஒரே கம்பெனி, ஒரே வகை, ஒரே தாமத வரிசை. குறைந்தால் குழியைக் குறையுங்கள், கலக்காதீர்கள்.
- பெட்டியிலிருந்து பிரித்துத் தனியாகக் கிடக்கும் டெட்டனேட்டரின் எண்ணையோ நிறத்தையோ நம்பாதீர்கள்.
- மிச்சத்தைக் கணக்கு எழுதிக் கிடங்கில் ஒப்படையுங்கள். "நாளைக்கு உதவும்" என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.
- ஒரு குழி வெடித்ததா என்று சந்தேகம் வந்தால், வெடிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஷிஃப்டில் வருகிறவரிடம் வாயாலும் சொல்லுங்கள், எழுத்திலும் கொடுங்கள்.

ஊர்மக்களுக்கு ஒன்றே ஒன்று. மண்மேட்டிலோ, ஜல்லிக் குவியலிலோ, ஏரிக்கரையிலோ விரல் நீளத்துக்குப் பளபளக்கும் உலோகக் குழாயும் அதிலிருந்து வண்ண வயரோ பிளாஸ்டிக் குழாயோ தொங்குவதையும் பார்த்தால் தொடாதீர்கள், எடுத்து வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். இடத்துக்கு அடையாளம் வைத்துவிட்டு 100 அல்லது 112-க்குச் சொல்லுங்கள். பேட்டரியில் வைத்துப் பார்க்கும் ஆசை பிள்ளைகளுக்கு வரும். ஆகவே இதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

கம்பெனி நல்லதா, கெட்டதா என்ற பேச்சு இதில் எங்கும் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டுமே நல்ல கம்பெனியாக இருக்கலாம். இரண்டையும் சேர்த்து யாரும் சோதித்துப் பார்த்தது இல்லை என்பது மட்டுமே பிரச்சினை. அந்தச் சோதனையைக் குழியருகே நின்றுகொண்டு செய்யக் கூடாது.